கப்பல் வீட்டில் ஒருவரும் குடியில்லை

இத்தாலியில், பலெர்மோ நகருக்குப் பக்கத்து மொண்டெல்லோவில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே ஒரு வெள்ளை வீடு இருக்கிறது. 1935இல் யாரோ ஒரு கட்டடக்கலைஞர் கட்டியது. அவருக்குக் கப்பலில் ஆசை இருந்திருக்க வேண்டும், கப்பல் வாங்க வசதி இருந்திருக்காது. வட்ட யன்னல்கள், வளைந்த பால்கனி, உருக்குக் குழாயில் கைப்பிடி, உச்சியில் தட்டையான கூரை. படித்தவர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் அந்த வீட்டின் யன்னல்களைத் துடைத்தவள். எனக்கு அந்த வீட்டைக் கண்ணிலும் காட்டக் கூடாது.

வட்ட யன்னலை முழுதாகத் திறக்க முடியாது. அது நடுவில் சுழலும், கை உள்ளே போனதும் நெரிக்கும். கூரைக்குச் சரிவு இல்லை, பெய்த மழை அங்கேயே நின்று யோசித்துவிட்டு உள்ளே இறங்கும். மார்கழியில் மேல் மாடியில் ஐந்து வாளி வைக்க வேண்டும். ஆடி ஆவணியில் உள்ளே பாண் மாவை வைத்தால் வெந்துவிடும். இதையெல்லாம் அழகு என்று சொல்கிறவர்கள் எவரும் அங்கே ஒரு வாளியைத் தூக்கி ஊற்றியதில்லை.

அந்த வீட்டுக் கிழவியிடம் வேலைக்கு நின்று மாக்கிரட் ஒன்பது வருடம் அங்கே இருந்தாள். அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வீட்டைத் திட்டாமல் அவளிடம் வர முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாக்கிரட் மன்னார், பேசாலைக்காரி. கடலுக்குப் போன புருசன் 1985இல் திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, எட்டு வயது மகள் மொனிகாவைத் தமக்கையிடம் விட்டுவிட்டு, இவள் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தாள். நான் ஊர்காவற்றுறை. நகரத்துக்குள் அல்பெர்கேரியாவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் நானும் வேறு ஐந்து பேரும் இருந்தோம். அவளோடு கோயிலில்தான் பழக்கம். எனக்கு வியாழக்கிழமை பின்னேரம் வேலை இல்லை. பெரிய துப்புரவு வந்தால் கூப்பிடுவாள், பஸ் ஏறிப் போவேன். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை ‘டி’ போட்டுக் கூப்பிடுவேன்.

அவளுக்குக் கிடைத்த அறை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. கட்டடக்கலைஞரின் வரைபடத்தில் அது கடற்கரைக் குடையும் துடுப்பும் வைக்கிற இடம். ஒரு மடிப்புக் கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். தெருவோடு ஒட்டி ஒரு வட்ட யன்னல், அதில் போகிறவர்களின் சப்பாத்து தெரியும். சுவரில் மடு மாதா படம், மூலையில் அரிசிச் சாக்கு. ஆனால் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் மகளுக்கு அனுப்புகிற படத்தில் இவள் வளைந்த பால்கனிக்கு முன்னால், சேலை கட்டி, வீட்டுக்காரி மாதிரி நிற்பாள். படம் எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

“ஏன்டி உந்தப் படத்தை அனுப்பிறாய்? பிள்ளை என்ன நினைக்கும்?” என்று ஒருமுறை பேசினேன்.

“நான் நல்லா இருக்கிறன் எண்டு நினைக்கட்டும் அக்கா. அது அங்கை கவலைப்படாமல் இருக்கும்.”

பிள்ளை நினைத்தது. தொண்ணூறில் சண்டை தொடங்கி, மடுவில் அகதி முகாமில் தரப்பாளுக்குக் கீழே படுத்துக்கொண்டு, அம்மா வெள்ளை மாளிகையில் இருக்கிறாள் என்று நினைத்தது. பிறகு பெரியம்மாவோடு நீர்கொழும்புக்குப் போனது. கடிதங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசி இரண்டில் ‘அன்புள்ள அம்மா’ என்ற தொடக்கமே இல்லை, நேரே விசயம். மாக்கிரட் அந்தக் கடிதங்களை எனக்கு வாசிக்கும்போது ‘அன்புள்ள அம்மா’வைத் தானே சேர்த்து வாசித்தாள். நான் தாளை எட்டிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அந்தப் பிள்ளையிலும் கோபம், இவளிலும் கோபம்.

இனி மீன் விசயத்துக்கு வருகிறேன். பேசாலைக்காரிக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. சனிக்கிழமை சந்தை கலைகிற நேரம் பல்லரோவில் மிஞ்சுகிற சூடையையும் கும்பளாவையும் வாங்கிக்கொண்டு போவாள். கீறிக் குடல் எடுத்து, உப்பில் போட்டு, அந்தப் பெருமைக்குரிய தட்டைக் கூரையில் வலை விரித்துக் காயவைப்பாள். பெரிய மீனை உருக்குக் கைப்பிடியில் கம்பி கட்டித் தொங்கவிடுவாள். கடற்பறவைக்கும் ஈக்கும் மறைப்பாகக் கிழவியின் பழைய சரிகைத் திரை. வீட்டுக்காரக் கிழவி படுத்த படுக்கை, மேலே ஏற மாட்டாள். அக்கம்பக்கத்தார் மீன்பிடிகாரர்கள் வாழ்கிற ஊரில் மீன் மணத்தைப் பற்றி என்ன கேட்பார்கள்? அல்பெர்கேரியாவில் பாதி வீட்டுச் சோற்றில் மாக்கிரட்டின் கருவாடு இருந்தது. வெயில் காய அந்தக் கட்டடக்கலைஞர் கட்டிய கூரையில் உருப்படியாக ஏதாவது காய்ந்தது என்றால் அதுதான்.

ஒருமுறை மட்டும் கிழவியின் மருமகள் ஓர்னெல்லா மணத்தைப் பிடித்துவிட்டாள். இன்னொரு மீனை இந்த வீட்டில் கண்டால் அன்றைக்கே தெருவில் நிற்பாய் என்று சொன்னாள். அதற்குப் பிறகு மாக்கிரட் கூரைக் கதவின் திறப்பைத் தன் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள்.

1996 ஆவணியில் கிழவி செத்தாள். நல்ல மனுசி என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆனியில் ஒரு நல்ல காரியம் செய்தாள். ‘மாக்கிரட் என் வீட்டில் குடியிருக்கிறாள்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தாள். மொனிகாவை இத்தாலிக்குக் கூப்பிட அந்தத் தாள் வேண்டும். ஆறு பேர் படுக்கிற எங்கள் வீட்டு விலாசம் எடுபடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலைக் கடிதம், பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எல்லாம் ஏற்கெனவே குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் கிடந்தன. ஒன்றுதான் பாக்கி. மாநகரசபைக் காவலர் ஒருவர், விஜிலே என்போம், வீட்டுக்கு வந்து, இவள் இங்கேதான் படுத்தெழும்புகிறாளா என்று பார்த்து எழுத வேண்டும். எப்போது வருவார் என்று ஒருவரும் சொல்லவில்லை. தை எட்டாம் தேதி மொனிகாவுக்குப் பதினெட்டு வயது. அதற்குள் எழுதாவிட்டால் அவள் பிள்ளை இல்லை, பெரிய ஆள். பெரிய ஆளைத் தாய் கூப்பிட முடியாது.

ஓர்னெல்லாவுக்கு வீட்டை விற்கிற அவசரம். குடியிருக்க ஆள் உள்ள வீட்டை வாங்கப் பயப்படுவார்களாம், ஆகவே வெறுமையான வீடு என்று சொல்லி வைத்திருந்தாள். வாங்குகிறவர்கள் பார்க்க வருகிற நாளெல்லாம் மாக்கிரட்டின் கட்டில், உடுப்பு, அரிசிச் சாக்கு, மாதா படம் எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கட்டித் தன் கார் டிக்கியில் ஏற்றுவிப்பாள். அறையில் ஒரு பழைய நாற்காலி, அதன் மேல் பச்சைக் கண்ணாடிச் சாடி. அவர்கள் போன பிறகு சாமான்கள் திரும்பி வரும். வீடு விற்றதும் உன்னை எங்கள் பிளாட்டுக்கு வேலைக்கு எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கை நம்பி மாக்கிரட் தன்னையே நான்கு தரம் மூட்டை கட்டினாள்.

“வாறவையைப் பாத்தால் பேய் பிசாசு வீடு வாங்க வந்த மாதிரி இருக்கு. மனிசர் இருந்த அடையாளம் ஒண்டும் இருக்கக் கூடாதாம்” என்றேன்.

“விடுங்கோ அக்கா. விஜிலே வந்து எழுதிற மட்டும் உந்த மனிசியோடை கொளுவக் கூடாது.”

கார்த்திகை பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. இரண்டு நாளாகச் சிரோக்கோ அடித்துக்கொண்டிருந்தது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற அந்தச் சூடான காற்றில் மீன் மூன்றே நாளில் கல்லாகிவிடும். வீடு பார்க்க வருகிறவர்கள் திங்கட்கிழமைதான் வருவதாக இருந்தார்கள். நத்தாருக்குக் கருவாடு கேட்டவர்கள் பலர். மாக்கிரட் செவ்வாய்க்கிழமையே கூரை முழுக்க மீனைப் பரப்பிவிட்டாள். வியாழன் காலை ஓர்னெல்லா தொலைபேசியில் சொன்னாள்: இங்கிலாந்துக்காரர் இன்றைக்கே வருகிறார்கள். மாக்கிரட் என்னைக் கூப்பிட்டாள். நான் போய்ச் சேர ஓர்னெல்லாவும் வந்து நின்றாள். சாமான்கள் டிக்கிக்குப் போயின. மீன் மேலேயே கிடந்தது. கூரைக் கதவு பூட்டியிருக்கிறதே என்று ஓர்னெல்லா கேட்டதற்கு, திறப்பைக் காணவில்லை என்று மாக்கிரட் சொன்னாள். அவள் கை ஏப்ரன் பையை விட்டு விலகவில்லை.

வந்தவர்கள் ஒரு புருசனும் மனைவியும். தங்கள் நாட்டுக் கடற்கரையில் இதே மாதிரி வெள்ளை வீடு ஒன்றை விற்றுவிட்டார்களாம், இனி வெயிலில் ஒன்று வேண்டுமாம். மனைவி ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்திருந்தாள். இங்கிலாந்தில் விற்பனைக்கு இருக்கிற இந்தச் சாதி வீடுகளின் படங்கள். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும், கன்னியர்மடத்தில் படித்தது. எனக்கு விளங்கும் என்று ஓர்னெல்லாவுக்குத் தெரியாது, ஆகவே என் முகத்துக்கு முன்னாலேயே வீடு வெறுமை என்று அவர்களிடம் கதைத்தாள். மனைவி வளைந்த சுவரைத் தடவி, கட்டின நாளிலிருந்து ஒருவர் கையும் படாத மாதிரி இருக்கிறது என்று உருகினாள். ஒன்பது வருடம் அந்தச் சுவரைத் தேய்த்த கை அவளுக்குப் பக்கத்தில் தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. தட்டை வாங்கி அவள் தலையில் கொட்டியிருப்பேன், மாக்கிரட்டுக்காகப் பொறுத்தேன்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. சீருடை போட்ட ஒரு பருத்த மனிதர், கையில் கோப்பு, மூச்சிரைப்பு. விஜிலே. பத்துக் கிழமையாக நாங்கள் காத்திருந்த மனிதர் அந்த நேரத்தைத் தேடிப் பிடித்து வந்தார். தாளைப் பார்த்து, மாக்கிரட் சூசைதாசன் என்ற பெயரைக் கடித்துக் குதறி வாசித்து, அவர் இங்கே குடியிருக்கிறாரா என்று கேட்டார்.

ஓர்னெல்லா இங்கிலாந்துக்காரரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

“இங்கே ஒருவரும் குடியில்லை. இந்தப் பெண் பகலில் வந்து போகிற வேலைக்காரி.”

விஜிலே மாக்கிரட்டைப் பார்த்தார். “நீ இங்கே படுக்கிறாயா?”

“சி” என்று ஒத்துக்கொண்டாள் அவள், சத்தமே வராமல்.

“அறையைக் காட்டு.”

அவள் காட்டினாள். நாற்காலி, பச்சைச் சாடி. ஓர்னெல்லா கையை விரித்தாள். எனக்கு வாய் அடங்கவில்லை. கட்டிலும் உடுப்பும் இந்த சிஞ்ஞோராவின் கார் டிக்கியில் இருக்கின்றன, திறந்து பாருங்கள் என்று இத்தாலியனில் கத்தினேன். அது கோயிலுக்குக் கொடுக்கக் கட்டின பழந்துணி என்றாள் ஓர்னெல்லா. அடுத்தவர் காரைத் திறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் விஜிலே. சொல்லிவிட்டுப் பேனையின் மூடியைக் கழற்றினார். கோப்பில் எழுத ஒரு சொல்தான் வேண்டும். அந்தச் சொல் விழுந்தால் மொனிகா தை எட்டாம் தேதி நீர்கொழும்பிலேயே பெரிய ஆளாகிவிடுவாள்.

மாக்கிரட்டின் கை ஏப்ரன் பைக்குள் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான், மடைச்சி, வேண்டாம் என்று தலையாட்டினேன். வேலையும் போய் வீடும் போய்த் தெருவில் நிற்கப்போகிறாளே என்றுதான் எனக்கு வந்தது, பிள்ளையை நான் நினைக்கவில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மாக்கிரட் என்னைப் பார்க்கவே இல்லை. திறப்பை எடுத்து விஜிலேயின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“சிஞ்ஞோரே, மேலே வாருங்கள்.”

எல்லோரும் ஏறினோம். கதவு திறந்ததும் சிரோக்கோவும் மணமும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. கூரை முழுக்கச் சரிகைத் திரை, அதற்குக் கீழே வரிசை வரிசையாகச் சூடை. கைப்பிடி நீளத்துக்குப் பிளந்த கும்பளா தொங்கியது. இங்கிலாந்து மனைவி மூக்கைப் பொத்தினாள். ஓர்னெல்லா போட்ட கூச்சலை நான் இங்கே எழுதப் போவதில்லை.

விஜிலே குந்தினார். திரையைத் தூக்கி ஒரு மீனை எடுத்தார், மடித்துப் பார்த்தார், மணந்தார்.

“எத்தனை நாள் உப்பில்?”

“இரண்டு.”

“இரவில்?”

“பனி விழ முதல் உள்ளே எடுக்க வேண்டும். விடிய நான்கரைக்கு எழும்பி வெளியே வைப்பேன். மத்தியானம் திருப்பிப் போடுவேன்.”

அவர் தரையைத் தடவினார். ஓடுகளில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது, பழையதன் மேல் புதியது, அதன் மேல் இன்னும் புதியது. எழும்பும்போது முழங்காலில் நெட்டி முறிந்தது. ஓர்னெல்லாவிடம் சொன்னார்: “சிஞ்ஞோரா, என் அப்பா இந்தக் கரையில்தான் மீன் பிடித்தவர், நானும் மீன் காயவைத்து வளர்ந்தவன். இதைப் பகலில் வந்து போகிறவள் செய்ய முடியாது. இரவிலும் விடியலிலும் இங்கே ஒருத்தி இருக்கிறாள். ஒரு வருடம் இரண்டு வருடமாக இல்லை.” சொல்லிவிட்டுக் கோப்பைக் கைப்பிடியில் சாய்த்து வைத்து, குடியிருக்கிறார் என்று எழுதினார். மாக்கிரட் கையெழுத்து வைத்தாள். கை நடுங்கவில்லை, நான் பார்த்தேன்.

கைப்பிடிதான் நடுங்கியது. இங்கிலாந்துக்காரர் அதைத் தொட்டார், துண்டாகத் துரு கையோடு வந்தது. ஓடுகளுக்கு இடையில் விரலை விட்டார், சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது. கீழே மேல்மாடியின் உட்கூரையில் அவர் பார்த்த ஈரக்கறை எங்கே இருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. மாக்கிரட்டைத் திரும்பிப் பார்த்தேன், அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. ஒன்பது வருடம் அந்தக் கூரையின் ஒழுக்கைத் திட்டித் திட்டி வாளி மாற்றியவள் அவள். மாதாமாதம் கைப்பிடியின் துருவை மண்கடதாசியால் தேய்த்து, கடற்காற்று பொல்லாதது என்று சொல்லிப் பெயின்ற் அடித்தவளும் அவள்தான். தின்றது அவளுடைய உப்பு.

“என்ரை மாதாவே, நானெல்லோ உதைத் திண்டிருக்கிறன்” என்றாள் மெதுவாக.

“திண்டால் திண்டதுதான். அது உன்னைத் திண்டதைவிடக் குறைவு” என்றேன்.

இங்கிலாந்துக்காரர் போய்விட்டார்கள். ஒருவரும் குடியில்லை என்றீர்களே என்று மனைவி ஓர்னெல்லாவிடம் கேட்டுவிட்டுப் படியிறங்கினாள். அவர்கள் போனதும் டிக்கியைத் திறந்து பைகளைத் தெருவில் வீசினாள். மடு மாதா படத்தின் கண்ணாடி உடைந்தது. மாக்கிரட் அழவில்லை, திட்டவில்லை. திரும்ப மேலே ஏறி, மீன் முழுவதையும் ஒன்று விடாமல் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் எங்களைச் சுற்றி மூன்று வரிசை ஆசனம் காலியாக இருந்தது. வசதியாக உட்கார்ந்து வந்தோம்.

இங்கிலாந்து மனைவி தன் புத்தகத்தை மறந்து விட்டுப் போயிருந்தாள். நான் எடுத்துவந்தேன், திருட்டு என்றால் திருட்டு. பிறகு அதைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை வீடுகள், எல்லாம் விற்பனைக்கு. வளைந்த சுவர், வட்ட யன்னல், மழை நாட்டில் தட்டைக் கூரை. ஒரு வீட்டில் ஓர் உடுப்புக் கொடி இல்லை, ஒரு செருப்பு இல்லை, அடுப்பில் ஒரு சட்டி இல்லை. எத்தனை பேரின் கட்டிலை டிக்கியில் ஏற்றிவிட்டு இந்தப் படங்களை எடுத்தார்களோ என்று யோசித்தேன். ஒரு மாதம் அது எங்கள் ஆடுகிற மேசைக்கு முண்டாகக் கிடந்தது, பிறகு குப்பைக்குப் போனது.

மாக்கிரட் எங்களோடு ஏழாவது ஆளாகப் படுத்தாள். இரண்டு கிழமையில் நகரத்துக்குள் ஒரு வீட்டில் பகல் வேலை கிடைத்தது. கார்த்திகை பதினான்காம் தேதி அவள் அந்த வீட்டில் குடியிருந்தாள் என்று விஜிலேயின் தாள் சொன்னது. குவெஸ்தூராவுக்கு அது போதும். அதற்குப் பிறகு எங்கே போனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மார்கழி இருபதில் அனுமதி வந்தது, பங்குனியில் மொனிகா வந்தாள்.

விமான நிலையத்தில் வந்திறங்கியவள் தாயைவிட உயரமான ஒரு பெட்டை. கட்டிப்பிடித்த மாக்கிரட்டின் கைக்குள் மரக்கட்டையாக நின்றாள். “நீங்கள் மெலிஞ்சு போட்டியள்” என்றாள், அவ்வளவுதான். அல்பெர்கேரியாவில் எங்கள் ஒடுங்கிய படியில் ஏறும்போது முகம் சுருங்கியது. தனக்கு மட்டும் இந்தப் பொந்தா, வெள்ளை வீட்டை யாருக்கு ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று அந்த முகம் கேட்டது. மூன்று நாள் சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறந்தாள். மாக்கிரட் ஒன்றும் விளக்கவில்லை. எனக்கு அந்தப் பெட்டைக்குக் கன்னத்தில் இரண்டு அறை விடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான்தான் சொன்னேன், “வா பிள்ளை, உன்ரை கொம்மாவின்ரை மாளிகையைக் காட்டுறன்.” மாக்கிரட் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. மூன்று பேரும் மொண்டெல்லோவுக்குப் பஸ் ஏறினோம்.

கேற்றில் விற்பனைக்கு என்ற பலகை இன்னும் தொங்கியது. மொனிகா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். படங்களில் பார்த்த பால்கனியைக் கண்டுபிடித்தாள். கண்ணில் வெறுப்பு அப்படியே இருந்தது.

“எந்த அறையிலை இருந்தனீங்கள்?” என்று கேட்டாள், மேலே பார்த்தபடி.

மாக்கிரட் கீழே காட்டினாள், நடைபாதையோடு ஒட்டின வட்ட யன்னலை. மொனிகா முழங்காலில் இருந்து, இரண்டு கையையும் கண்ணுக்கு மறைப்பாக வைத்து உள்ளே பார்த்தாள். நாற்காலி அங்கேயே இருந்தது, பச்சைச் சாடியும். அவள் நெடுநேரம் எழும்பவில்லை. உள்ளே ஒரு கட்டிலை எப்படிப் போட்டிருக்கலாம் என்று அவள் கண் அளந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

“இதுக்குள்ளையோ? ஒன்பது வரியமும்?”

“ஓம்.”

மொனிகா எழும்பினாள். முழங்காலில் ஒட்டின மண்ணைத் தட்டவில்லை. தாயின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டாள்.

“வாங்கோ அம்மா, போவம்” என்றாள். “இஞ்சை நிக்க வேண்டாம்.”

விமான நிலையத்திலிருந்து அன்றுவரை அவள் வாயில் அம்மா என்ற அந்தச் சொல் வந்திருக்கவில்லை.